இரட்டை வளைவு

என்னை யாராவது ஆன்ட்டி என்று கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாடிவீட்டு வங்கிக்காரரிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. ஆள் தங்கமானவர்தான். மோட்டார் ஓடாத நாளில் எனக்கும் சேர்த்து ஒரு வாளி தண்ணீர் தூக்கி வந்து வாசலில் வைப்பார். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அன்றைக்கும் அப்படித்தான் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்து நின்றார்.

"ஆன்ட்டி, நீங்க கண்ணாடிக் கடையில வேலை பாத்தவங்களாமே? பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க."

"பாத்தேன். முட்டிவலி வந்து விட்டுட்டேன். ஏன், கண்ணு மங்குதா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி செஞ்சு தரணும். கடையில கிடைக்காது. ஒரு படத்துல வர்ற கண்ணாடி."

கடையில் கிடைக்காத கண்ணாடி எனக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வந்த சுவடு தெரியாமல் போன படம் அது. ஒரு வாரம் ஓடியிருந்தால் அதிகம். இப்போது இன்டர்நெட்டில் எவனோ தோண்டி எடுத்துப் போட, ஆகா ஓகோ என்று ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. அதற்கென்று ஒரு குரூப். அதில் இவரும் ஒருவர். அவர்கள் எல்லாரும் ஒருநாள் ஒன்றுகூடி, ஒரு சின்ன தியேட்டரை வாடகைக்கு எடுத்து அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறார்களாம். அதுவும் கதாநாயகன் மாதிரி நீளக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி சகிதமாக. ஓடாத படத்துக்குத்தான் இந்தக் காலத்தில் மவுசு போலிருக்கிறது.

"கடைசிக் காட்சி பாத்திருக்கீங்களா ஆன்ட்டி? கால்ல குண்டு பாஞ்சு, நொண்டிக்கிட்டே அந்தப் பாலத்து மேல நடந்து வருவாரே. அப்படியே சிலிர்த்துடும்."

பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பாலத்தில் நடந்து வருவது நான்தான் என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் அப்போது சினிமாக்காரர்களுக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முந்தைய கதை இது. முதல் நாள் படப்பிடிப்பில் கதாநாயகனைக் காணோம். வேறொரு படத்தில் மாட்டிக்கொண்டாராம். பாலத்துக்கு அனுமதி அன்றைக்கு மட்டும்தான், அதனால் கடைசிக் காட்சியைத்தான் முதலில் எடுத்தாக வேண்டும். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். அதே உயரம், அதே தோள், வண்டிக்குப் பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு நின்ற இவர்தான் கண்ணில் பட்டிருக்கிறார். தாடியை ஒட்டி, கோட்டை மாட்டி, கண்ணாடியைப் போட்டு நடக்கவிட்டார்கள். இதுதான் அவர் கதை.

இதில் நானும் வருவேன். "கண்ணாடி ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டே இருந்துச்சு. டைரக்டர் கத்துறார், வெளிச்சம் போகுதுன்னு கேமராமேன் கத்துறார். அடுத்த தெருவுல ஒரு கண்ணாடிக் கடை. ஓடுனேன். அங்க ஒரு பொண்ணு என் காதைப் பிடிச்சுத் திருகி, கண்ணாடியைச் சூடு காட்டி வளைச்சு, மூஞ்சில மாட்டி, போய்யான்னு அனுப்புச்சு. அந்தப் பொண்ணுதான் இவ" என்று என்னைக் கைகாட்டுவார்.

கூடியிருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். யாருக்குய்யா காது குத்துறே என்பார்கள். என் நாத்தனார், அவருடைய சொந்தத் தங்கை, அவள்தான் அவருக்கு ஹீரோ என்று பட்டப்பெயர் வைத்தவள். "எங்கண்ணன் ரீல் விட ஆரம்பிச்சா இடைவேளையே கிடையாது" என்பாள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்த பிறகு, "சத்தியமா நான்தான்" என்று யாருக்கும் கேட்காத மாதிரி ஒரு தடவை சொல்வார். எனக்குக் கேட்கும்.

எனக்கு அந்த நாள் நினைவில்லை. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள். கண்ணாடி மாட்டுகிற வேலையில் இருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. மூக்கையும் இரண்டு காதையும்தான் பார்ப்போம். என் கணக்கில் அவர் முதன்முதலாக வந்தது தன் முதலாளியின் படிக்கிற கண்ணாடிக்குத் திருகாணி போட. திருகாணிக்காக வந்தவர் அடுத்த வாரம் துடைக்கிற துணிக்காக வந்தார், அதற்கடுத்த வாரம் சும்மாவே வந்தார். அதனால் அந்தக் கறுப்புக் கண்ணாடிக் கதையை, கதைக்குச் சுவை கூட்ட அவர் சேர்த்துக்கொண்ட மசாலா என்றே வைத்திருந்தேன். அவர் ஆரம்பித்தால், "ஆமாம், ஆமாம், சாப்பிட வாங்க" என்பேன்.

அவர் போனபிறகுதான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. துக்கம் கேட்க வந்த இடத்தில்கூட ஒருவர், "ஹீரோ போயிட்டாரே" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வாழ்நாள் முழுக்க அந்த மனிதர் தனக்கென்று வைத்திருந்தது அந்த ஒரு நடைதான். அதுவும் பொய் என்றால் பொய் என்று தெரிந்தாவது தொலையட்டும். நிஜம் என்றால், ஐயோ, நிஜம் என்றால் என்ன செய்வேன்.

செல்போனில் அந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓர் ஆள் வருகிறார். முகத்தில் பாதி தாடி. நடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் நொண்டுகிறார். உடம்பைக் கோட்டு மூடிவிட்டது. மிச்சமிருப்பது கண் ஒன்றுதான், அதைக் கண்ணாடி மறைத்துவிட்டது. இத்தனை வருஷம் கூட இருந்த மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருக்கும்.

அந்தக் கண்ணாடியைத்தான் வங்கிக்காரர் செய்து தரச் சொன்னார். செய்கிறேன் என்றேன்.

அவர் கொண்டுவந்த கத்தை முழுக்கப் படங்கள். சினிமாவை ஆங்காங்கே நிறுத்தி, பெரிதாக்கி, அச்செடுத்திருந்தார்கள். முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம், சுவரில் கழற்றி வைத்தது, சட்டைப் பையில் தொங்குவது. அளவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒரு காட்சியில் கதாநாயகன் சிகரெட் பற்றவைக்கும்போது தீப்பெட்டியைக் கண்ணாடிக்கு நேராகப் பிடிக்கிறார். தீப்பெட்டியின் அளவு தெரியும், அதை வைத்துக் கணக்குப் போடலாம் என்றார். மூளைக்காரர்கள்தான். ஒழுங்காகப் படித்துத்தான் கெட்டுப்போயிருக்கிறார்கள்.

"இதுல முக்கியமானது இது ஆன்ட்டி" என்று வலப்பக்கப் படத்தை எடுத்தார். காதில் மாட்டுகிற கை, கீலுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி லேசாக வளைந்து, கொஞ்ச தூரம் நேராகப் போய், நடுவில் மறுபடி லேசாக வளைந்திருந்தது. இடது கையில் அப்படி ஒன்றுமில்லை.

"இதுக்கு ரெட்டை வளைவுன்னு பேர் வெச்சிருக்கோம். இதைப் பத்தி குரூப்புல பெரிய சண்டையே நடந்திருக்கு. கதாநாயகனுக்கு ரெண்டு முகம் இருக்குல்ல, நல்லவன் ஒண்ணு, கெட்டவன் ஒண்ணு. அதைக் காட்டத்தான் டைரக்டர் இப்படி வெச்சிருக்கார்."

"ரெண்டு முகத்தைக் காதுக்குப் பின்னால காட்டுவாங்களா?"

"அதுதான் ஆன்ட்டி கலை."

நான் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசைதான் என் பட்டறை. ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு பெரிய மேசை. நான் வேலை பார்த்த கடையில் சொல்லி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தகடு வாங்கினேன். காகிதத்தில் வரைந்து, வெட்டி, தகட்டில் ஒட்டி, மெல்லிய ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே அறுத்தேன். உள்ளே அறுத்தால் திரும்பி வராது. பிறகு அரம், பிறகு உப்புத்தாள், முதலில் கரடு, போகப் போக நைசு. லென்ஸ் உட்காரும் காடியை எடுக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீலுக்கு என் தகர டப்பாவில் பழைய கண்ணாடிகள் கிடந்தன. மெருகேற்ற மெல்லிய பருத்தித் துணி வேண்டும். அலமாரியில் அவருடைய பனியன்கள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கிழிக்கப் போனேன். கை வரவில்லை. கிழிக்காமல் அப்படியே சுருட்டி வைத்துத் தேய்த்தேன்.

டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். நான் பார்ப்பதில்லை, சத்தத்துக்காகப் போட்டு வைப்பது. வேலை இருந்த நாட்களில் அதை அணைத்துவிட்டேன். ரம்பம் சத்தம் போட்டது, அதுவே போதுமாயிருந்தது. ஆனால் நடுநடுவே, "இங்க பாருங்க, எப்படி வந்திருக்கு" என்று வாய் வரைக்கும் வந்துவிடும். எதிரில் நாற்காலி இருக்கும். சில நாள் சொல்லியும் விடுவேன். பைத்தியம் என்று யாரும் சொல்லப் போவதில்லை, சொல்லவும் ஆள் வேண்டுமே.

கடைசியாகக் கைகளை வளைக்க வேண்டும். கடையில் என்றால் சூடான மணல் பெட்டி இருக்கும். வீட்டில் வாணலியில் கல்லுப்பைக் கொட்டிச் சூடாக்கிக்கொண்டேன். வலது கையை உப்புக்குள் புதைத்து, இளகியதும் எடுத்து, படத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். படம் மின்விசிறிக் காற்றில் பறந்து அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்துவிட்டது. எடுப்பதற்குள் ஆறிவிடும். சரி, ஆனது ஆகட்டும் என்று வளைத்துவிட்டேன். கீலுக்குப் பக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம். தண்ணீரில் நனைத்துவிட்டு, குனிந்து படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல். எனக்கே பெருமையாக இருந்தது. அதற்குமேல் அப்போது எதுவும் தோன்றவில்லை. அத்தனை மக்கு நான்.

எங்கள் வேலையில் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. கண்ணாடியைக் கைகளை விரித்து மேசைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். இரண்டு கையும் மேசையைத் தொட்டால் கண்ணாடி நேர். ஒன்று தூக்கிக்கொண்டிருந்தால் கோணல். வைத்தேன். வலது கை அந்தரத்தில் நின்றது. விரலால் தட்டினால் டக்கென்று மேசையைத் தொட்டுவிட்டுத் திரும்ப எழுந்தது.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இத்தனை வருஷ வேலையில் கோணல் கண்ணாடியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. ஆனால் படத்தில் இருப்பதைத்தானே செய்திருக்கிறேன். திரும்ப அளந்தேன். எல்லாம் சரி. சினிமாவில் இருந்த கண்ணாடியே கோணல்தான் போலிருக்கிறது.

வங்கிக்காரர் வேலை முடிந்து வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் அதை மாட்டிக்கொண்டார். மூக்கின் மேல் வலப்பக்கம் ஒரு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நின்றது.

"கோணலா இருக்குய்யா. வலது கையை நிமித்தித் தர்றேன், கொடுங்க."

"ஐயோ, தொட்டுடாதீங்க ஆன்ட்டி." இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். "படத்துல அவருக்கும் இப்படித்தான் நிக்கும். வலப்பக்கம் தூக்கலா. அதுதான் ஸ்டைலே. நாங்கல்லாம் சாதாக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, கையால தூக்கி வெச்சு வெச்சுப் பாப்போம். உங்களுது தானா நிக்குது. எப்படி ஆன்ட்டி?"

"எல்லாக் காட்சியிலயும் இப்படித்தான் நிக்குதா?"

"எல்லாத்துலயும்தான்னு நினைக்கிறேன்."

நினைக்கிறாராம். ஒருநாள் இருக்கட்டும், மெருகு பாக்கி என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம், சாப்பிட்டுவிட்டுச் செல்போனில் படத்தைப் போட்டேன். சிகரெட் பற்றவைக்கும் காட்சி. வலப்பக்கம் தூக்கல். நாயகியிடம் பேசும் காட்சி. தூக்கல். சண்டை, போலீஸ், மழை, எல்லாவற்றிலும் தூக்கல். முகத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். பழைய பழக்கம் அதுதானே. மூக்கையும் காதையும் பார்க்கிற பழக்கம்.

கடைசியில் பாலம் வந்தது.

ஆள் வருகிறார். நொண்டி நொண்டி வருகிறார். வெயில் முகத்தில் அடிக்கிறது. கண்ணாடி நேராக இருந்தது. நிறுத்தினேன், பெரிதாக்கினேன். ஓர் இழைகூடச் சாயவில்லை. மூக்கின்மேல் பலகை வைத்த மாதிரி நேராக இருந்தது.

கண்ணாடி ஒன்றுதான். அதே இரட்டை வளைவு தெரிகிறது. ஒரு முகத்தில் கோணலாக நிற்கிற கண்ணாடி இன்னொரு காட்சியில் நேராக நிற்கிறது என்றால், முகம் வேறு. காது வேறு. வலது காது இடது காதைவிடக் கீழே இறங்கியிருக்கிற ஓர் ஆளுக்குத்தான், வலது கையைக் கீழே வளைத்தால் கண்ணாடி நேராக நிற்கும்.

எழுந்து போய் அலமாரி இழுப்பறையைத் திறந்தேன். அவருடைய படிக்கிற கண்ணாடி அதில்தான் இருந்தது. அவர் போனபிறகு அதை நான் தொடவில்லை. அவருக்கு வலது காது கீழே. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வேன். உங்கம்மா உங்களை எப்பவும் ஒரே காதைப் பிடிச்சுத்தான் தூக்குனாங்களா என்பேன். அவருக்கு எத்தனை கண்ணாடி மாற்றினாலும் நான்தான் வளைத்துக் கொடுப்பேன்.

கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து வைத்தேன், நான் செய்த கறுப்புக் கண்ணாடிக்குப் பக்கத்தில். இரண்டிலும் வலது கை அந்தரத்தில் நின்றது. ஒரே உயரம். குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். படிக்கிற கண்ணாடியின் கையில் கீலுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு, நடுவில் ஒரு வளைவு.

இரண்டையும் மாறி மாறி விரலால் தடவிப் பார்த்தேன்.

உலகத்தில் எல்லாரும் கண்ணாடிக் கையை ஒரே இடத்தில்தான் வளைப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே இடத்தில் வளைத்து, ஒரு வாத்தியாரின் கண்ணாடியைப் படக்கென்று முறித்துவிட்டேன். முதலாளி கடை நிறைய ஆள் இருக்கும்போது வைத்து வாங்கிவிட்டார். அந்தப் பயத்தில் அதற்குப் பிறகு எதையும் ஒரே இடத்தில் வளைக்க மாட்டேன். பாதியை இங்கே, பாதியை அங்கே என்று பிரித்து வளைப்பேன். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள், வந்த கண்ணாடியைப் பார்த்ததுமே இது பயந்தாங்கொள்ளி கை வெச்சது என்பார்கள். நேற்று உப்பிலிருந்து எடுத்ததும் படத்தைப் பார்க்காமலே என் கை வளைத்ததே, அதற்கு வழி தெரிந்திருந்தது. படத்தில் இருந்ததும் என் கையே போட்ட வளைவு.

டைரக்டரின் கலையுமில்லை, இரண்டு முகமுமில்லை. காது கோணலான ஒரு டிரைவர் ஓடிவந்து நிற்க, கண்ணாடி முறிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே ஒரு பெண் வளைத்துக் கொடுத்தது. அதை நிமிர்த்தாமலே கதாநாயகனுக்கு மாட்டி மிச்சப் படத்தை எடுத்திருக்கிறார்கள். அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். காதைப் பிடித்துத் திருகியதுகூட நிஜமாகத்தான் இருக்கும், அப்போதெல்லாம் நான் அப்படித்தான்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒழுங்காகச் சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று அந்த நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. எத்தனை வருஷம், எத்தனை பேர் நடுவில், வேறு எப்படித்தான் சொல்வார் மனிதர். அதற்குப் பிறகு அழுதேன். நன்றாக அழுதேன். செல்போனில் அவர் பாலத்தின் நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்றிருந்தது. நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவளும் நானும் பேசி மாதக்கணக்காகிறது. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். காது, கண்ணாடி, வளைவு, மேசை. அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீ என்ன கேக்குற? அது உங்கண்ணன்தான்டி. நிஜமாவே உங்கண்ணன்தான்."

"சரி அண்ணி. அது அவனா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. போனவன் போயிட்டான். நீங்க தனியா உக்காந்துக்கிட்டு எதையாவது யோசிச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்க. இங்க வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்க."

அவள் நல்லவிதமாகத்தான் சொன்னாள். அதுதான் எரிச்சலாக இருந்தது. ஹீரோ என்று பட்டம் கட்டியவள், அதைக் கழற்றி வைக்கக்கூட நேரமில்லாமல் இருக்கிறாள். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வங்கிக்காரர் கண்ணாடி வாங்க வந்தார். அவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பதறாமல் முதலிலிருந்து சொன்னேன். இரண்டு கண்ணாடியையும் கவிழ்த்துக் காட்டினேன். பாலத்தை நிறுத்திக் காட்டினேன். அவர் நிஜமாகவே குனிந்து பார்த்தார். படிக்கிற கண்ணாடியைக் கையில் எடுக்காமல், தூரத்திலிருந்தே பார்த்தார். நல்ல பிள்ளை.

"இதை குரூப்புல போடட்டுமா ஆன்ட்டி?"

"போடுங்க" என்றேன்.  அன்றைக்கு ராத்திரி சமையல்கூடச் செய்யவில்லை.

மறுநாள் மாடியிலிருந்து இறங்கும்போதே அவர் முகம் சரியில்லை. "என்ன சொன்னாங்க?" என்றேன்.

"டைரக்டர் ஒரு பேட்டியில சொல்லியிருக்காராம் ஆன்ட்டி. கால்ல நிஜமாவே அடிபட்டிருந்தும் ஹீரோவே நடந்தார், டூப் போட ஒத்துக்கவே இல்லைன்னு. எல்லாரும் அந்தப் பேட்டியைத்தான் எடுத்துப் போடறாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"பேட்டியில யார் வேணா என்ன வேணா சொல்லலாம். கண்ணாடி பொய் சொல்லுமா? நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மேசையைப் பார்த்தார், பனியன் துணியைப் பார்த்தார், எதிர் நாற்காலியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆமாம் ஆன்ட்டி. ஆமாம். அவராத்தான் இருக்கும்."

அந்த ஆமாம் எனக்குத் தெரியும். சாப்பிட வாங்க என்பதற்கு முன்னால் வருகிற ஆமாம் அது. இத்தனை வருஷம் நான் சொன்னது, இன்றைக்கு எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. "சத்தியமா அவர்தான்" என்றேன். அவர் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். கேட்டிருக்காது.

பேட்டியை நம்பினார்களே தவிர, கண்ணாடியை அவர்கள் விடவில்லை. இவர் போட்டுக்கொண்டு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு உனக்கு என்று குரூப்பே கேட்டது. செய்தேன். வேறென்ன வேலை எனக்கு. தகட்டை அறுத்து, அரத்தில் தேய்த்து, உப்பில் போட்டு, ஒவ்வொன்றையும் அவருடைய காதுக்கு வளைத்தேன். எல்லாவற்றையும் மேசையில் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வலது கை அந்தரத்தில் நின்றால்தான் சரி என்று எடுத்து வைத்தேன். மெருகேற்றி மெருகேற்றி அந்தப் பனியன் கறுத்தே போயிற்று.

ஒன்றுகூடலுக்கு என்னையும் கூப்பிட்டார். முட்டிவலி என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாலத்தை அத்தனை பேர் கைதட்டலுக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. கைதட்டல் வேறு ஒருவருக்குப் போகும்.

படம் முடிந்ததும் தியேட்டர் வாசலில் எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோவை வங்கிக்காரர் அனுப்பியிருந்தார். "எல்லாம் உங்க கைவண்ணம் ஆன்ட்டி" என்று எழுதியிருந்தார். ஆணும் பெண்ணுமாக வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், நீளக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக. ஒவ்வொரு முகத்திலும் வலப்பக்கம் தூக்கிக்கொண்டு, ஒரே மாதிரி கோணல். ஒல்லி முகம், உப்பல் முகம், தாடி, தாடியில்லாதது, எல்லாம் ஒரே கோணல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். அவர் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

பிறகு போட்டோவைப் பெரிதாக்கினேன். இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். மூக்கு, வலது காது, இடது காது. அடுத்தது. மூக்கு, வலது காது, இடது காது. பின்வரிசையில் கடைசியாக நின்றவர் வரைக்கும் போய், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணாடி நேராக நிற்கிற ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.